கடலாமைக் காவலுக்கு எந்தத் தீவு? சாகிந்தோஸ், கிரீட், கெஃபலோனியா, சைப்ரஸ்

மத்தியதரைக் கடலில் ஒரு தீவு, கோடையில் சில வாரம், விடியலில் கடலாமைக் கூடுகளைத் தேடும் வேலை, மாலையில் நீச்சல். இந்த ஆசையோடு தேடத் தொடங்குகிறவர்கள் படங்களைப் பார்த்துத் தீவை முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு விடுப்புக்கு ஒத்துவரும் தேதியைத் தேடுகிறார்கள். இது தலைகீழ் வரிசை. முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதம். அடுத்தது, எந்த மாதிரி வேலை உங்கள் உடம்புக்கும் பொறுமைக்கும் ஒத்துவரும் என்பது. இவை இரண்டும் தெளிவானால் தீவு பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

மாதம் எதை மாற்றுகிறது

இந்தக் கடலின் கரைகளில் முட்டையிடுபவை இரண்டு இனங்கள். பெருந்தலை ஆமை கிரீஸ், துருக்கி, சைப்ரஸ் மூன்றிலும் கரையேறும். பேராமையோ சைப்ரஸ், துருக்கி, சிரியா என்று கிழக்கு மூலையோடு நின்றுவிடுகிறது. சாகிந்தோஸ், கிரீட், கெஃபலோனியா ஆகிய கிரேக்கத் தீவுகளில் அதன் கூடு அபூர்வம். பேராமையைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவருக்கு இந்த நான்கில் சைப்ரஸைத் தவிர வேறு வழியில்லை.

பெருந்தலை ஆமை மே கடைசியில் கரையேறத் தொடங்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் அது ஓய்ந்துவிடும். ஒரே ஆமை ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து, ஒவ்வொரு தடவையும் நூறு முட்டை அளவில் இட்டுவிட்டுப் போகும். கூட்டின் அடி ஏறத்தாழ அரை மீட்டர் ஆழத்தில் இருக்கும். மணலின் சூட்டைப் பொறுத்து 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். சுமார் 29 டிகிரிக்கு மேல் சூடேறினால் பெண் குஞ்சுகள் கூடுதலாகவும், அதற்குக் கீழே ஆண் குஞ்சுகள் கூடுதலாகவும் பிறக்கும்.

இதனால் ஜூனில் போகிறவர் பார்ப்பது தடங்களையும் புதுக் கூடுகளையும்தான். ஒரு குஞ்சுகூடக் கண்ணில் படாமல் ஊர் திரும்புவார். செப்டம்பரில் போகிறவருக்குக் குஞ்சுகள் கிடைக்கும், கூடு தோண்டிக் கணக்கெடுக்கும் வேலையும் கிடைக்கும். முட்டையிடும் தாயைப் பார்க்க முடியாது. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் பத்து நாள் வரை இரண்டும் கலந்திருக்கும். விமானக் கட்டணமும் வெயிலும் கூட்டமும் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஆகஸ்ட் 15 கிரீஸில் பெரிய திருநாள், மாதாவின் விண்ணேற்பு. அந்த வாரத்தில் கப்பல் டிக்கெட் கிடைப்பது கடினம், பேருந்துகள் விடுமுறை அட்டவணையில் ஓடும். அதை ஒட்டி வந்து சேரும்படியோ கிளம்பும்படியோ தேதி வைக்காதீர்கள்.

எங்கள் தேர்வு செப்டம்பர். தாய் ஆமையைப் பார்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் தன்னார்வலர்களில் பலர் கல்லூரி திறக்கிறது என்று ஆகஸ்டிலேயே கிளம்பிவிடுவதால் ஆள் பற்றாக்குறை வரும் மாதம் அது. விண்ணப்பம் ஏற்கப்படும் வாய்ப்பு கூடுகிறது, கையில் வரும் வேலையும் கூடுகிறது.

சாகிந்தோஸ்: ஆமைகளைவிட மனிதர்களோடு அதிக வேலை

லகானாஸ் விரிகுடாவில் ஆறு கடற்கரைகள்: செக்கானியா, தாஃப்னி, ஜெரக்காஸ், கலமாக்கி, கிழக்கு லகானாஸ், பிறகு மரத்தோனீசி என்ற குட்டித் தீவு. எல்லாம் சேர்த்தாலும் ஐந்தாறு கிலோமீட்டர் மணல்தான். நீண்டகாலச் சராசரியாக ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கூடுகள் அதில் விழுகின்றன. பாதிக்கும் மேல் செக்கானியா என்ற ஒரு சிறு கரையில். அங்கே பொதுமக்களுக்கு அனுமதியே இல்லை. மரத்தோனீசியின் மணல் மற்றவற்றைவிடக் குளிர்ச்சி என்பதால் ஆண் குஞ்சுகள் அங்கே கூடுதல். வெப்பம் ஏறிக்கொண்டே போகும் காலத்தில் அந்தத் துண்டு மணலின் மதிப்பு அதன் அளவுக்குச் சம்பந்தமில்லாதது.

இத்தனை ஆமை இருக்கும் விரிகுடாதான் தீவின் பெரிய கேளிக்கை மையமும். ஆமைகளைப் போதிய அளவு காக்கவில்லை என்று 2002-ல் ஐரோப்பிய நீதிமன்றமே கிரீஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தேசியக் கடல் பூங்கா 1999-ல் வந்தது. விரிகுடா மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றில் இயந்திரப் படகே நுழையக் கூடாது. இன்னொன்றில் ஆறு நாட் (மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்) வேகத்துக்குள் போகலாம், நங்கூரம் போடக் கூடாது. மூன்றாவதில் அதே வேகம், நங்கூரத்துக்கு அனுமதி உண்டு. கூடு இருக்கும் கரைகள் இரவில் மூடப்படும். குடை நடுவது தண்ணீரை ஒட்டிய பட்டையில் மட்டும். குடைக்கம்பி கூட்டில் இறங்கினால் முட்டை உடையும் என்பதுதான் காரணம்.

இந்த விதிகளை வெயிலில் நின்று, ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சிரித்த முகத்தோடு சொல்வதுதான் சாகிந்தோஸ் தன்னார்வலரின் பெரும்பொழுது. 1983-ல் தொடங்கப்பட்ட ஆர்கெலோன் அமைப்பு இங்கும் கிரீட்டிலும் பெலொப்பனீஸிலும் வேலை செய்கிறது. விடியற்காலை ஆய்வும் உண்டு, ஆனால் அது முறை வைத்து வரும். மிச்ச நாட்களில் கடற்கரை நுழைவாயில், தகவல் கூடம், ஹோட்டல்களில் படவிளக்கம். ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவருக்கும், இத்தாலியனோ ஜெர்மனோ கொஞ்சம் தெரிந்தவருக்கும் நல்ல இடம். புதியவர்களிடம் பேசவே கூச்சப்படுகிறவர் இரண்டாம் வாரத்தில் சோர்ந்துபோவார். ‘ஆமைத் தீவு’ என்று நம்பி வந்து ஏமாறுகிறவர்கள் அதிகம் இருப்பது இங்கேதான்.

கிரீட்: வேலை கற்றுக்கொள்ள

ரெதிம்னோ நகரிலிருந்து கிழக்கே பத்துப் பதினோரு கிலோமீட்டருக்கு ஒரே நீளமாக மணல், அதன் முதுகில் வரிசையாக ஹோட்டல்கள். அழகு தேடுகிறவருக்கு ஏமாற்றம். வேலை தேடுகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளி கிடைப்பது அரிது, ஏனென்றால் ஒரு கூட்டுக்கு என்னென்ன கெடுதல் வர முடியுமோ அத்தனையும் இங்கே ஒரே கரையில் வரும்.

சூரியன் எழுவதற்கு முன்பே கரை துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு இரண்டு மூன்று பேராக நடை தொடங்கும். மணலைச் சீர்ப்படுத்தும் டிராக்டர் வருவதற்குள் தடத்தைப் பிடித்துவிட வேண்டும். அது ஓடிவிட்டால் தடம் போய்விடும், கூடு இருப்பதே தெரியாது. பெருந்தலை ஆமை இடத் துடுப்பையும் வலத் துடுப்பையும் மாற்றி மாற்றி வைத்து ஊரும். தடமும் ஒன்றுவிட்டு ஒன்றாக விழும். பேராமை இரண்டு துடுப்பையும் ஒன்றாக வீசும், தடம் இருபுறமும் சமமாக விழும். தடம் மேலேறி, சும்மா வளைந்து இறங்கியிருந்தால் முட்டையிடாமல் திரும்பிவிட்டது என்று பொருள். மணல் வாரி இறைக்கப்பட்டு ஒரு மேடு இருந்தால் கூடு இருக்கலாம். அப்போது கையால் மட்டும், விரல் நுனியால் மணலைத் தள்ளித் தள்ளி முதல் முட்டையைத் தொடும்வரை தோண்டி, உறுதி செய்துகொண்டு மூட வேண்டும். சன் கிரீமோ கொசு விரட்டியோ பூசிய கையை மணலுக்குள் விடக் கூடாது.

அலை தொடும் தூரத்தில் இருக்கும் கூட்டை மேலே மாற்றுவார்கள். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதன் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துப்போகும். எனவே மாற்றுவதானால் அன்று காலையே, எது மேலே இருந்ததோ அது மேலேயே இருக்கும்படி ஒவ்வொன்றாக எடுத்து, பழைய குழியின் அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் புதுக் குழி தோண்டி வைக்க வேண்டும். ஆழம் குறைந்தால் சூடு ஏறும், கூடினால் ஈரம் தங்கும். முதல் வாரத் தன்னார்வலருக்கு இந்த வேலை தரமாட்டார்கள், தரவும் கூடாது.

கூட்டின் மேல் மூங்கில் முக்காலி, சாய்வு நாற்காலிக்காரர்களோடு பேச்சுவார்த்தை, நாயும் கீரியைப் போன்ற சிறு விலங்குகளும் தோண்டாமல் இருக்கக் கம்பி வலை. வலையின் கண் குஞ்சு நுழைந்து வெளியேறும் அளவுக்கு அகலமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் விளக்கு வெளிச்சம் பெரும் தலைவலியாகிவிடும். குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கிப் போகும். இயற்கையில் அது கடல். ரெதிம்னோவில் அது ஹோட்டல் நீச்சல்குளம். அதனால் பொரிக்கும் நாள் நெருங்கிய கூடுகளுக்கு மூன்று பக்கமும் தட்டியோ துணியோ மறைப்புக் கட்டி, கடல் பக்கம் மட்டும் திறந்து வைப்பார்கள். கட்டியதைக் காற்று பிடுங்கிவிடும். இருட்டுவதற்குள் மறுபடி கட்ட வேண்டும். கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்தேமிக் காற்று கிரீட்டின் வடகரைக்கு நிரந்தர விருந்தாளி.

தங்குவது முகாமில், உங்கள் கூடாரத்தில். சாதாரண ஆணி மணலில் நிற்காது; அகலமான மணல் ஆணி கொண்டுபோங்கள். விடியலில் நடந்துவிட்டு ஒன்பது மணிக்குத் தூங்க வந்தால் கூடாரத்துக்குள் அடுப்பு. நிழலில் கட்டுவதற்கு ஒரு மெல்லிய பருத்தி வேட்டியோ சேலையோ இருந்தால் அந்த உறக்கம் காப்பாற்றப்படும். சமையல் முறை வைத்துச் செய்வது. சைவர்களுக்குக் கவலை வேண்டாம். பயறு, பீன்ஸ், ஆலிவ் எண்ணெயில் வெந்த காய்கறி என்று கிரேக்க வீட்டுச் சமையலில் பாதி சைவம்தான். காரம் மட்டும் இருக்காது. பருப்புப் பொடி ஒரு பாட்டில் எடுத்துப் போனால் முகாமே நன்றி சொல்லும்.

கெஃபலோனியா: குறைந்த விடுப்பில் போகிறவருக்கு

முகாம் வாழ்க்கைக்கும் நீண்ட காலம் தங்கி வேலை செய்வதற்கும் தயாரில்லாதவர்கள் பார்க்க வேண்டிய தீவு இது. இங்கே வேலை செய்யும் வைல்டுலைஃப் சென்ஸ் அமைப்பு, சில வாரங்களே உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. தங்குவது கூடாரத்தில் இல்லை, பகிர்ந்துகொள்ளும் வீட்டில். அதற்கேற்பக் கட்டணமும் முகாம் அமைப்புகளைவிடக் கூடுதல். கூடுகளின் எண்ணிக்கை சாகிந்தோஸை நெருங்காது.

இங்கே உள்ள தனிச்சிறப்பு அர்கொஸ்தோலி துறைமுகம். காலையில் மீன்பிடிப் படகுகள் வலையைச் சுத்தம் செய்யும்போது விழும் கழிவுக்காகப் பெரிய ஆமைகள் படகுத்துறைச் சுவர் வரை வரும். ஒவ்வோர் ஆமையின் கன்னத்திலும் உள்ள செதில் வரிசை வேறு வேறு என்பதால், பக்கவாட்டுப் படத்தை வைத்தே எந்த ஆமை என்று அடையாளம் காண்கிறார்கள். கணினியில் பொறுமையாக உட்காரக்கூடியவருக்கு நல்ல வேலை. ரொட்டியும் கோழித் துண்டும் போடும் பயணிகளைத் தடுப்பதும் இதில் சேர்த்தி. கை உணவுக்குப் பழகிய ஆமை படகின் சுழலிக்கு அருகே வந்து அடிபடும், நீந்துகிறவரின் விரலைக் கடிக்கும்.

சைப்ரஸ்: ஒரே தீவு, இரண்டு வாசல்

இந்தத் தீவு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது: தெற்கே சைப்ரஸ் குடியரசு, வடக்கே தனி அரசு. கடவுச்சீட்டில் இந்தியாவோ இலங்கையோ எழுதியிருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிப்பது நல்லது.

வடக்கே, கிர்னே நகருக்குக் கிழக்கே அலகாடி கடற்கரை. 1992 முதல் பிரித்தானியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உள்ளூர் ஆமைப் பாதுகாப்புச் சங்கமும் சேர்ந்து நடத்தும் திட்டம். நான்கில் அறிவியல் ஆழம் கூடியது இதுவே. வேலை இரவில். சிவப்பு விளக்கோடு கரையில் மேலும் கீழும் விடியும்வரை நடை. ஆமை குழி தோண்டி முட்டையிடத் தொடங்கும்வரை அருகே போகக் கூடாது. வெளிச்சமோ அசைவோ பட்டால் திரும்பிவிடும். இடத் தொடங்கிய பிறகு ஓட்டின் நீள அகலம் அளப்பது, துடுப்பில் அடையாளத் தகடு இருக்கிறதா என்று பார்ப்பது, தோளில் பதித்த சில்லைக் கருவியால் படிப்பது. பேராமை ஒரு குழிக்கே மணிக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்ளும். சேருகிறவர்களில் பெரும்பாலோர் உயிரியல் மாணவர்கள். கோடையின் பெரும்பகுதியைத் தர முடிந்தவருக்கே இடம். ஆய்வேடு எழுதும் மாணவருக்கு நாங்கள் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

சிக்கல் வாசலில். வடக்கில் உள்ள எர்ஜான் விமான நிலையத்துக்குத் துருக்கி வழியாகத்தான் வர முடியும். வடக்குத் துறைகள் வழியே நுழைவதைச் சைப்ரஸ் குடியரசு சட்டவிரோத நுழைவாகக் கருதுகிறது. அப்படி நுழைந்துவிட்டுத் தெற்கே கடக்க முயன்றால் திருப்பி அனுப்பப்படலாம், பிற்கால ஐரோப்பிய விசாவிலும் அது கேள்வியாக வரலாம். வடக்கு அரசைத் துருக்கி மட்டுமே அங்கீகரித்திருப்பதால், அவசரத்துக்கு ஓட இந்தியத் தூதரகமும் அந்தப் பக்கம் கிடையாது. தெற்கே வாடகைக்கு எடுத்த காரின் காப்பீடும் இரு பகுதிகளையும் பிரிக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டினால் செல்லாது. கடக்கும் இடத்தில் தனியாக வாங்க வேண்டும்.

தெற்கே, பாஃபோஸுக்கு வடக்கே அக்காமாஸ் தீபகற்பத்தில் லாரா, தொக்செஃப்த்ரா கரைகள். அரசின் மீன்வளத் துறை 1978-ல் தொடங்கிய பணி. மத்தியதரைக் கடலின் மிகப் பழைய ஆமைத் திட்டங்களில் ஒன்று. இரண்டு இனமும் இங்கே முட்டையிடும். நரிக்கு எதிராகக் கூடுகளின் மேல் அலுமினியக் கூண்டுகள் வைப்பார்கள். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை கரையில் வண்டி ஓட்டுவது, குடை நடுவது, இரவு தங்குவது எல்லாம் தடை. அரசு நடத்துவதால் வெளிநாட்டுத் தன்னார்வலருக்கான பெரிய சேர்க்கை முறை இங்கே இல்லை. போய்ப் பார்த்து வர மிக நல்ல இடம், வேலைக்கு இரண்டாம் தேர்வு. கடைசிச் சில கிலோமீட்டர் கரடுமுரடான மண்பாதை. சின்னக் காரில் போய் அடிப்பாகத்தைக் கல்லில் இடித்துக்கொள்ளாதீர்கள்.

விசா, வழி

கிரீஸுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. 180 நாளில் 90 நாள் என்பது உச்சம். பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடைக்கான நேர ஒதுக்கீடு சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் மே மாதத்தில் தொடங்கினால் ஜூலை கையை விட்டுப் போகும். அமைப்பின் அழைப்புக் கடிதத்தில் சம்பளம் இல்லை, தங்குமிடம் எங்கே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பன தெளிவாக இருக்க வேண்டும். படிவத்தில் ‘சுற்றுலா’ என்று எழுதிவிட்டு, பையில் தன்னார்வக் கடிதம் வைத்திருப்பது வீண் வம்பு. எந்தக் காரணத்தைக் குறிப்பது என்று தூதரகத்திடமே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சைப்ரஸ் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும், இதை எழுதும்போது ஷெங்கனில் இல்லை. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்ப்பவர் ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசா கேட்க வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் வாழும் இளைய தமிழர்களுக்கு வேறொரு கதவும் உண்டு: ஐரோப்பிய ஒருமைப்பாட்டுப் படைத் திட்டத்தில் 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்குப் பயணச் செலவு, தங்குமிடம், உணவு, கைச்செலவு எல்லாம் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த வயதில் இருந்தால் சொந்தப் பணம் கட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

சாகிந்தோஸுக்கும் கெஃபலோனியாவுக்கும் ஏதென்ஸின் கிஃபிசோஸ் பேருந்து நிலையத்திலிருந்து கில்லீனித் துறைக்குப் பேருந்து; அங்கிருந்து கப்பலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கிரீட்டுக்கு ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து இரவுக் கப்பல், காலையில் ஹெராக்லியோனிலோ சானியாவிலோ இறங்கி ரெதிம்னோவுக்குப் பேருந்து. சைப்ரஸுக்கு வளைகுடா நகரங்களிலிருந்து லார்னகா நேர்விமானம் இருப்பதால், சென்னையிலிருந்து கிளம்புகிறவருக்கு மாறுதல் குறைவான தீவு அதுதான்.

பணம் கட்டுவதற்கு முன்

எந்த அமைப்பாக இருந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். கூடுகளையும் ஆமைகளையும் கையாள அந்த நாட்டு அரசின் அனுமதி இந்தப் பருவத்துக்கு இருக்கிறதா? கட்டும் தொகையில் எவ்வளவு களத்துக்குப் போகிறது, எவ்வளவு இடைத்தரகருக்கு? இடைத்தரகர் மூலம் பல மடங்கு கொடுத்துச் சேர்ந்தவரும் நேரடியாகச் சேர்ந்தவரும் ஒரே கூடாரத்தில் படுத்திருப்பது உண்டு. குஞ்சைக் கையில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று விளம்பரம் செய்யும் இடத்தைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

வேலையே வேண்டாம், பார்த்தால் போதும் என்பவர் அர்கொஸ்தோலித் துறைமுகத்துக்குக் காலையில் போனால் காசில்லாமல் ஆமை தெரியும். லகானாஸில் ஒரே ஆமையைப் பல படகுகள் சுற்றி வளைக்கும் பவனிக்கு அது எவ்வளவோ மேல். அலகாடியிலும் கோடை இரவுகளில் சிறு குழுக்களாக, முன்பதிவு செய்து, முட்டையிடுவதைப் பார்க்க விடுகிறார்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இங்கே பங்குனி ஆமை என்ற இனம் முட்டையிடும் பருவம் ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் இந்தக் கரைகளில் இரவில் நடக்கிறது. பொதுமக்களும் வார இறுதி நடையில் சேரலாம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் ஒரு முழு இரவு நடந்து பார்த்தால், முழங்காலும் தூக்கமும் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும். முறையில் ஒரு வேறுபாடு மட்டும் மனதில் இருக்கட்டும்: சென்னையில் கிடைக்கும் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போவதுதான் வழக்கம். கிரீஸில் கூட்டை இருந்த இடத்திலேயே விட்டுக் காப்பது வழக்கம், மாற்றுவது விதிவிலக்கு. இங்கே பழகிய கை அங்கே முட்டையைக் கண்டதும் எடுக்கப் போகும். முகாம் தலைவரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவையுங்கள்.